சுண்ணாம்புக் கணக்கு

ஓர்சாவுக்கு வடக்கே, மைனஸ் பத்தொன்பதில்,
இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு
பனிவண்டியின் பின்னிருக்கையில் நான்.
யெர்க்கர் திட்டிக்கொண்டே ஓட்டினான்:
"கரடியிடம் போக ஒரு கை போதுமா, குன்வோர்?"
ரத்தம் எடுக்க ஒரு கை போதும்.
மற்றது எப்படிப் போனது என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.
மலையில் இல்லை, பனியில் இல்லை.
சமையலறையில், காலுறையோடு,
நின்ற உயரத்திலிருந்து விழுந்தேன். அவ்வளவுதான்.

ஃபாலுன் மருத்துவமனையில் படத்தைத் திருப்பிக் காட்டியவள்
"ஐம்பத்து நாலுக்கு இது கொஞ்சம் அதிகம்" என்றாள்.
எது அதிகம் என்று கேட்கவில்லை.
இருபது வருடமாய்க் கரடி ரத்தத்தில்
நான் அதைத்தான் அளக்கிறேன்.

எனக்குத் தெரியும் அந்த இடிக்கிற கூட்டம்.
ரத்தத்தில் தனித்தனியாய் அலைந்தவை
ஒன்றோடொன்று கரைந்து ஒரே உடலாகி,
கரு பல, பசி ஒன்று,
எலும்பின்மேல் கவிழ்த்த கிண்ணமாய் ஒட்டி
விளிம்பை அடைத்துவிட்டு
உள்ளே அமிலம் ஊற்றும்.
நகர்ந்தபின் ஒரு குழி.
பிறகு கட்டுகிறவர்கள் வந்து
குழிக்குள் வரிசையாய் உட்காருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால்
இடிப்பவனைக் கூப்பிடுவதே கட்டுகிறவன்தான்.
சாவி அவனிடம்.
அதே கையால் பொய்ப்பூட்டும் செய்து வைக்கிறான்,
சாவிகள் அதில் போய்ச் சிக்கிக்கொள்ள,
உண்மைக் கதவு திறக்காமல் கிடக்க.
எத்தனை சாவி, எத்தனை பொய்ப்பூட்டு...
என் சம்பளம் அதை எண்ணுவதற்கு.

கழுத்தில், அரிசிமணி போல் நாலு சுரப்பி.
ரத்தத்தில் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை குறைந்தால்
அவற்றுக்கு இருப்புக் கொள்ளாது.
இதயம் இப்போதே துடித்தாக வேண்டும்,
நாளைக்கு என்று தவணை சொல்ல முடியாது.
முதுகெலும்பை அடகு வைத்தாவது
கொண்டுவா என்று ஆள் அனுப்பும்.
பொறு, கொஞ்சம் பொறு என்று
வாசலை மறித்து நின்ற ஒருத்தி
எனக்குள் இருந்தாள்.
மூன்று வருடம் முன்பு
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஆனால் கரடி.
ஆறு மாதம் சுருண்டு கிடக்கும்,
சிறுநீர்கூடக் கழிக்காது.
அப்படி நான் கிடந்தால்
தொடையெலும்பு ரஸ்க் மாதிரி ஆகிவிடும்.
அது ஏப்ரலில் எழுந்து வந்து
எறும்புப் புற்றைப் புரட்டிப் போடும்.
உள்ளே யாரோ இரு தரப்பையும்
"மெதுவாக, மெதுவாக" என்கிறார்கள்.
யார் என்றுதான் தெரியவில்லை.
அந்தக் குரலை ஆறு குழாயில் பிடித்துவரப் போனோம்.
எனக்கும் கொஞ்சம் கிடைக்காதா என்று
நினைக்கவில்லை என்றால் பொய்.

பட்டியலின்படி அவளுக்குக் குட்டி இல்லை.
யெர்க்கர் மயக்கஊசித் துப்பாக்கியோடு
குகைவாயில் மண்டியிட்டவன்
கையை உயர்த்தினான்.
உள்ளிருந்து ஒரு ரீங்காரம்,
பழைய ஃப்ரிட்ஜ் ஓடுவதுபோல.
கவனித்துக் கேட்டால், இரண்டு ஃப்ரிட்ஜ்.
பால் குடிக்கும் குட்டிகள் அப்படித்தான் முனகும்.

அவன் துப்பாக்கியை இறக்கினான்.
ஒற்றைக் கையால் நான்
ஸ்ப்ரூஸ் கிளைகளை இழுத்து வாயை மூடினேன்,
பூட்ஸால் பனியைத் தள்ளினேன்.
யாரும் பேசவில்லை.

பால் என்றால் சுண்ணாம்பு.
அவள் நவம்பரிலிருந்து தின்னவில்லை, குடிக்கவில்லை.
அந்த இருட்டில் எந்தச் சுவரைச் சுரண்டி
அந்த முனகலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாளோ.

திரும்பும் வழியெல்லாம்
காலிக் குழாய்கள் பெட்டிக்குள் கிலுகிலுத்தன.
மாவுக்கட்டுக்குள் ஒரே அரிப்பு.
ஒட்டுகிற எலும்புக்கும் இடிப்பவர்கள் வந்தாக வேண்டும்,
பிதுங்கியதைச் செதுக்க.
வரட்டும்.

வண்டியை நிறுத்தி யெர்க்கர் பேனாவை எடுத்தான்.
"பட்டியலைத் திருத்தணும். குட்டி எத்தனை?"
"இரண்டு என்று போடு" என்றேன்.
"மூன்றாகவும் இருக்கலாம்.
காதால் எண்ணியது என்று
பக்கத்தில் எழுது."